பஸ் ஸ்டாப்புல இருந்து 5 நிமிஷ நடை: தடாகம் பக்கம் ஒரு ஊரோட நிகழ்வு ஆய்வு

போன ஐப்பசியில நடந்ததுங்க இது. சாயங்காலம் 7:10 இருக்கும், காந்திபுரத்துல இருந்து வர்ற டவுன் பஸ் எங்க ஸ்டாப்புல நின்னு நாங்க பத்துப் பதினஞ்சு பேரு எறங்கினோம், பஸ் அது பாட்டுக்குக் கெளம்பிப் போயிருச்சு. மழை தூறிட்டு இருந்துச்சு. ஸ்டாப்புல இருந்து எங்க நகருக்குப் போகோணும்னா ஒரு பள்ளத்தை, மழைத்தண்ணி ஓடற ஓடையைத் தாண்டோணும், தரைப்பாலம் ஒண்ணு இருக்குது, அதுல நடந்தா 5 நிமிஷம். முன்னாடி போன பையன் செல் டார்ச்சை அடிச்சவன் அப்படியே நின்னுட்டான். மொதல்ல காதுலதான் விழுந்துச்சு. வாழை மட்டையை நார் நாராக் கிழிக்கற சத்தம், அப்பறம் பொத் பொத்துன்னு எதையோ எதுலயோ அடிக்கற சத்தம். தோட்டத்து மூலையில இருந்து வாழையை வேரோட புடுங்கிட்டு வந்து, மண்ணு போறதுக்காக முன்னங்கால்ல தட்டித் தட்டி சாப்பிட்டுட்டு இருந்துச்சு ஒத்தை யானை. தரைப்பாலத்துல இருந்து இருபது அடிகூட இருக்காது.

நாங்க ரோட்டோரமா மூடிக்கிடந்த டீக்கடைத் திண்ணைக்கு ஏறிட்டோம். அங்க இருந்து பாத்தா எங்க வீட்டு லைட்டெல்லாம் தெரியுது. எங்க தெருவுல இருக்கற அக்கா ஒருத்தர் கூட நின்னாங்க, அவங்க பையன் ஏழாவது படிக்கறான், வீட்டுல தனியா இருக்கான். போன்ல அவங்க பேசினது இன்னும் எனக்குக் காதுலயே இருக்குது, "கதவைத் தொறக்காத கண்ணு, பொடக்காலி லைட்டைப் போட்டு வெய்யி, அம்மா இக்கட்டாலதான் நிக்கறேன், உன்ற ஜன்னல் எனக்குத் தெரியுது சாமி". அதே நேரத்துல பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட இருந்து இன்னொருத்தருக்கு போன், ஆத்துத் தண்ணி வந்துருச்சு, உங்க வீட்டுல வால்வைத் திருப்ப ஆளில்லைன்னு. எட்டு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி, ஒரு மணி நேரந்தான் வரும். பாரஸ்ட்காரங்க ஜீப்பு வந்து, பட்டாசு போட்டு, அது மெதுவா மேக்க ஏறிப் போயி, நாங்க வீடு சேர்றப்ப எட்டரை தாண்டிருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. தண்ணி மட்டும் நின்னு போயிருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை. பயத்துல இல்லைங்க. 18 கிலோமீட்டர் பத்திரமா வந்துட்டு கடைசி 5 நிமிஷத்துல எப்படி மாட்டினோம், யானையும் பஸ்ஸும் தண்ணியும் ஒரே மணிக்கு ஒட்டுக்கா எப்படி வந்துச்சு, இதையே யோசிச்சுட்டு கெடந்தேன். நான் கணபதியில ஒரு பம்ப் கம்பெனியில கணக்குப் பாக்கறவ, எந்தக் கணக்கு இடிச்சாலும் எங்க இடிக்குதுன்னு பாக்காம விடமாட்டேன். அடுத்த ஒரு மாசம் பெரியவங்க, யானையைக் கண்காணிக்கற பாரஸ்ட் வாட்சர், தோட்டக்காரங்க, சைட்டு வித்தவங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டு எழுதி வெச்சதுதான் இது. ஊர்ப் பேரு போடலை, சின்ன ஊரு, யாரு வீடுன்னு தெரிஞ்சுரும்.

ஊர் எப்படி இங்க வந்துச்சு

கோயமுத்தூரை விட்டு மேக்க கணுவாய் தாண்டினா காத்தே வேற மாதிரி இருக்கும், அந்தப் பக்கம் விரியறதுதான் தடாகம் பள்ளத்தாக்கு. சோமையனூர், சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, பன்னிமடை எல்லாம் இதுக்குள்ள. வடக்க குருடிமலை, பெரியதடாகத்துல அனுவாவி முருகன் கோயில், மாங்கரை செக்போஸ்ட் தாண்டி மேல ஏறினா ஆனைகட்டி, அதுக்கு அக்கட்டால கேரளா அட்டப்பாடி. மூணு பக்கமும் மலை நின்னு கிழக்க மட்டும் வாய் தொறந்த மாதிரி இருக்கும் இந்த எடம். மலையில பேயற மழை பள்ளம் பள்ளமா எறங்கி, சங்கனூர் பள்ளமா சிட்டிக்குள்ள ஓடி, சிங்காநல்லூர் பக்கம் நொய்யல்ல சேருது. அதாவது எங்க ஊர்ப் பள்ளமும் சிட்டிக்காரங்க சாக்கடைன்னு நெனைக்கற அந்தப் பள்ளமும் ஒரே தண்ணித் தடம்.

எங்க நகரு இருக்கற எடம் முன்னாடி சோளக்காடு. மானாவாரி, கடலையும் போடுவாங்களாம். தெக்கால தோட்டத்து அப்பாரு சொல்றாரு, "அந்தக் காலத்துல இட்டேரி வழியா மாட்டை ஓட்டிட்டுப் போனா பொழுது சாயறதுக்குள்ள பட்டிக்குத் திரும்பிருவோமுங்க அம்மிணி, பொழுதோட பள்ளத்துல யாரும் காலு வெக்கமாட்டாங்க". இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

அப்பறம் சூளை வந்துச்சு. இந்தப் பள்ளத்தாக்கு செம்மண்ணுல அறுத்த செங்கல்லுலதான் பாதிக் கோயமுத்தூரும் கேரளாவுல எத்தனையோ வீடும் எந்திரிச்சுது. மண்ணெடுத்த குழி தென்னை மர ஒசரத்துக்குப் போச்சு, பள்ளங்க பாதையே மாறிப் போச்சு, சூளைக்கு எரிக்க வெட்டிக் கொண்டாந்து போட்ட பனைமரத்துச் சோத்தை, அதாவது மரத்துக்குள்ள இருக்கற மெத்துனு தண்டைத் திங்கறதுக்குன்னே யானைக வந்து பழகிருச்சு. கடைசியில கோர்ட்டு வரைக்கும் போயி, 2021 மார்ச்சுல 180க்கும் மேல சூளைகளை மூடச் சொல்லிட்டாங்க. மூடினது சரிதான்னு நான் நெனைக்கறேன், துணி காயப்போட்டா செவப்பாகும்னு இருந்த காலத்துல இங்க இருந்தவ நான். ஆனா சூளையில வேலை பாத்த சனம் ஒரே மாசத்துல சிட்டிக்கு வேலை தேடிப் போக வேண்டியதாப் போச்சு. அதே வருஷம் மே மாசம் டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆச்சு. சூளையில கல்லு சொமந்த அக்காங்க இன்னிக்கு ஆர்.எஸ்.புரத்துல வீட்டு வேலை, காந்திபுரத்துல துணிக்கடை, மில்லுல ஷிப்டு. பஸ் காசு இல்லாததுதான் அந்தக் குடும்பங்களைத் தாங்குச்சு, அதை யாரும் லேசா நெனைச்சுராதீங்க.

நாங்க வந்த கதை வேற. 2011ல மாநகராட்சி எல்லையை விரிச்சு துடியலூர், கவுண்டம்பாளையம், வடவள்ளியெல்லாம் உள்ள சேத்தாங்க. அங்க சென்ட் விலை கைக்கு எட்டாமப் போச்சு. சம்பளக்காரங்க அதுக்கு அடுத்த வட்டத்துக்கு வந்தோம். எங்க வீட்டுக்காரரும் நானும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு சைட்டு பாக்க வந்தோம், மலை மேல மேகம் எறங்கி நிக்குது, மயில் அகவுது, "பஸ் ஸ்டாப்புல இருந்து 5 நிமிஷ நடை"ன்னு போர்டு. நடந்தே பாத்தோம், நாலரை நிமிஷம். பொய் ஒண்ணும் இல்லை. அட்வான்ஸ் கொடுத்துப்போட்டு வந்துட்டோம்.

பேப்பர் விசயம் ஒண்ணு சொல்லிப்போடறேன், ஏன்னா நெறையப் பேரு இதுல கஷ்டப்பட்டாங்க. மலையை ஒட்டின கிராமங்களுக்கு 1990ல இருந்தே ஹாகான்னு ஒரு கட்டுப்பாடு இருக்குது, மலையிடப் பாதுகாப்புக் குழுமம், அந்த லிஸ்ட்ல இருக்கற ஊர்ல மனை பிரிக்கறதுன்னா வனத்துறை, கனிமவளம், வேளாண் பொறியியல்னு தடையில்லாச் சான்று தனித்தனியா வாங்கோணும். 2016 செப்டம்பர்ல ஐகோர்ட்டு அங்கீகாரமில்லாத மனைப் பத்திரப்பதிவை நிறுத்தினப்பதான் பல பேருக்கு தங்க சைட்டு எந்த லிஸ்ட்ல இருக்குதுன்னே தெரிஞ்சுது. 2017ல வரன்முறைப்படுத்தற திட்டம் வந்துச்சு, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி வித்த மனைக்கு. மலைப்பகுதிக்கு அது நேராப் பொருந்தலை, தனி விதிக்குக் காத்துக் கெடந்தாங்க. வாங்கறவங்க கிராமத்துப் பேரையும் சர்வே நம்பரையும் வெச்சு ஹாகா லிஸ்ட்டைப் பாக்காம ஒரு ரூபாய்கூட நீட்டாதீங்க.

பள்ளம் யாரோட தடம்

இப்ப விசயத்துக்கு வர்றேன். ஏன் அந்தத் தரைப்பாலம்?

ரோட்டோர நெலமெல்லாம் விலை ஜாஸ்தி. பள்ளத்துக்கு அந்தாண்ட இருக்கறது கம்மி. அதனால நகரு அந்தாண்ட வந்துச்சு. மனை பிரிச்சதும் ஒவ்வொருத்தரும் காம்பவுண்டு சுவர் எழுப்பினோம். மேக்க இருக்கற தோட்டக்காரங்க சோலார் வேலி போட்டாங்க, சிலரு மேல இருந்து கம்பி தொங்கற மாதிரி வேலி. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், ஒரு ராத்திரியில ஒரு வருஷ வாழை போனா யாரு தாங்குவாங்க. மின்வேலிக்குப் பதிவு பண்ணோணும்னு 2023ல விதியே வந்துருச்சு, எங்க பக்கத்துல பண்ணினவங்களும் இருக்காங்க பண்ணாதவங்களும் இருக்காங்க.

எல்லாரும் அவங்கவங்க எடத்தை அடைச்சாச்சா, மலையில இருந்து கீழ எறங்கறதுக்கு அடைக்காத எடம்னு மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு, பள்ளப் புறம்போக்கு. யானைக்கும் அதுதான் வழி. நமக்கும் ரோட்டுல இருந்து வீட்டுக்கு அதுதான் வழி. முன்ன அம்பது எடத்துல எறங்கிட்டு இருந்தது இப்ப இந்த ஒரே எடத்துல எறங்குது. வாட்சர் அண்ணன் அதை மண்ணுல குச்சியில கோடு போட்டுக் காட்டினாரு. சுவரு, வேலி, சுவரு, வேலி, நடுவுல ஒரு சந்து, சந்துல எங்க தரைப்பாலம். நாலு கோடுதான் போட்டாரு, எனக்கு வயித்தைப் பெசைஞ்சுது, ஏன்னா அதுல ஒரு சுவரு என்னோடது.

அடுத்தது நேரம். யானை பகல்ல மேல காட்டுக்குள்ள மரநிழல்ல நிக்கும், வெயில் தாழ்ந்ததும் கீழ எறங்கும், வெடியறதுக்குள்ள ஏறிரும். ஒரு பெரிய யானைக்கு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல தீனி வேணும், நூறு லிட்டருக்கு மேல தண்ணி. காட்டுல நாள் முச்சூடும் நடந்து மேயறதை வாழைத் தோட்டத்துல ஒரு மணி நேரத்துல சாப்பிட்டுரலாம். பயிருக்கு எறங்கறது பெரும்பாலும் ஆண் யானைகதான், அதுவும் ஒருக்கா ருசி கண்டது திரும்பத் திரும்ப வரும். இங்க தோட்டம் மட்டும் இல்லை, தவிடு, மாட்டுத் தீவனம், ரேஷன் அரிசி வாசத்துக்கே சுவரை ஒடைச்ச கதை தெருவுக்கு ஒண்ணு இருக்குது.

சின்னத்தம்பியை மறந்திருக்க மாட்டீங்க. இந்தப் பள்ளத்தாக்குலயே சுத்திட்டு இருந்த யானை. 2019 ஜனவரி கடைசியில புடிச்சு லாரியில ஏத்தி டாப்சிலிப் பக்கம் வரகளியாறு காட்டுல விட்டாங்க. சில நாள்லயே கீழ எறங்கி நடந்து நடந்து உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்கு வந்துருச்சு, பிப்ரவரி நடுவுல மறுபடி புடிச்சு கராலுங்கற மரக்கூண்டுக்குள்ள வெச்சு கும்கியாக்கிட்டாங்க. அது லாரியில ஏறாம நின்ன வீடியோவைப் பாத்து எங்க தெருவுல அழாத வீடு இல்லை, அதுக்கு முந்தின மாசம் அது வாழையைத் தின்னுட்டுப் போனவங்களும் சேத்துத்தான். விநாயகன்ங்கற இன்னொரு யானையையும் 2018 டிசம்பர்ல இங்க இருந்துதான் முதுமலைக்குக் கொண்டுபோனாங்க. ரெண்டையும் கொண்டுபோயாச்சு, பள்ளம் அப்படியே இருக்குது, வாழை அப்படியே இருக்குது, அடுத்தது வந்துருச்சு. புடிச்சுட்டுப் போறது எங்க ஊருக்குத் தீர்வு இல்லைன்னு எனக்கு இதுலயே வெளங்கிருச்சு.

இப்ப நம்ம நேரத்தைப் பாருங்க. ஆபீஸ் அஞ்சரை ஆறுக்கு விடுது, காந்திபுரம் வந்து பஸ் புடிச்சு, லாலி ரோடு, இடையர்பாளையம், கணுவாய்னு நெரிசல்ல ஊர்ந்து வந்தா ஏழு, ஏழேகால். ஐப்பசி கார்த்திகையில ஆறரைக்கே இருட்டிருது. நம்ம பஸ்ஸுல இருந்து எறங்கற மணியும் அது மலையில இருந்து எறங்கற மணியும் ஒண்ணு. காலையில பத்து மணிக்கு வந்து சைட்டு பாத்தவங்களுக்கு இது எப்படித் தெரியும்? அப்பாரு சொன்னாருல்ல, பொழுதோட பள்ளத்துல காலு வெக்கமாட்டாங்கன்னு. ஊருக்கே தெரிஞ்ச விசயம். சிட்டி வேலைக்குப் போற நமக்குத்தான் பொழுது சாஞ்சப்பறந்தான் வீட்டுக்கு வர்ற வாழ்க்கை.

தண்ணி விசயம் சின்னது, ஆனா எனக்கு அதுதான் ரொம்ப வலிச்சுது. தண்ணி விடறவர்கிட்ட ஏனுங்க ஏழு மணிக்கு விடறீங்கன்னு கேட்டேன். "பகல்ல ஊருக்குள்ள ஆளே இல்லீங்க்கா, எல்லாரும் வேலைக்குப் போயிடறீங்க, அதான் வந்தப்பறம் விடலாம்னு"ன்னாரு. நமக்காகத்தான் அந்த மனுசன் அந்த நேரத்தை வெச்சிருக்காரு. ஆனா வால்வு இருக்கறது பள்ளத்தோரம், அவரும் டார்ச்சைப் புடிச்சுட்டு அந்த இருட்டுலதான் போயி திருப்பிட்டு இருந்திருக்காரு, இத்தனை வருஷமா.

என்ன பண்ணினோம்

நவம்பர் 1 கிராம சபையில நாங்க முப்பது பேருக்கு மேல போயி உக்காந்தோம், முக்கால்வாசி பொம்பளைங்க. சைட்டுக்காரங்க கிராம சபைக்கு வந்ததே அன்னிக்குத்தான் மொதல் தடவைன்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. தண்ணியை வெடியால ஆறு மணிக்கு மாத்தறதுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. இவ்வளவு நாளும் யாரும் கேக்கலை, அவ்வளவுதான்.

லைட்டு விசயத்துல பெரிய சண்டை. பள்ளம் முச்சூடும் பெரிய எல்ஈடி போடோணும்னு எங்க ஆளுக, நானும்தான். வாட்சர் அண்ணன் வேண்டாம்னாரு. அது எறங்கற தடத்தை வெளிச்சம் போட்டு அடைச்சா அது திரும்பிப் போகாதுங்க, பக்கத்துல சுவரு எங்க லேசா இருக்குதோ அங்க ஒடைச்சுட்டு வரும், அப்பறம் அது தெருவுக்குள்ள நிக்கும்னாரு. ரெண்டு மணி நேரம் பேசி, பாலத்துக்கு ரெண்டு முனையிலயும் மட்டும் லைட்டு, நடுப்பள்ளம் இருட்டாவே இருக்கட்டும்னு முடிவாச்சு. நின்னு பாத்துட்டு எறங்கறதுக்கு நமக்கு வெளிச்சம், நடந்து போறதுக்கு அதுக்கு இருட்டு. இது சரியான முடிவுன்னு நான் இப்ப நம்பறேன்.

குப்பையை நாங்கதான் நிறுத்தோணும், அதை யாரு மேலயும் போட முடியாது. மீந்த சோறு, பலாத்தோலு, காய்கறிக் கழிவு எல்லாத்தையும் கவர்ல கட்டி பள்ளத்துலதான் வீசிட்டு இருந்தோம். யானைச் சாணியில பாலிதீன் கவரு கெடந்ததை வாட்சர் அண்ணன் என்னைக் கூப்பிட்டுப் போயிக் காட்டினாரு, மசாலாப் பொடி பாக்கெட்டு, கம்பெனிப் பேரு அழியாம அப்படியே இருந்துச்சு. எங்க வீட்டுல வாங்கற அதே பொடி. அன்னில இருந்து பொடக்காலியில குழி வெட்டி மக்க வெக்கறோம், எல்லா வீடும் இல்லை, பாதிக்கு மேல.

பஸ்ஸைப் பள்ளம் தாண்டி உள்ள வரச்சொல்லிக் கேட்டோம். தரைப்பாலம் பஸ் பாரம் தாங்காது, அது நியாயம். அதனால எங்க தெருத் தம்பி ஒருத்தரோட ஆம்னி வேன் சாயங்காலம் 7:10 பஸ்ஸுக்கும் 9 மணி பஸ்ஸுக்கும் ஸ்டாப்புல நிக்குது, ஆளுக்கு 10 ரூபாய். மொதல்ல 300 மீட்டருக்கு வேனான்னு பேசினாங்க. வண்டி வெச்சிருந்தா நாளைக்கு 36 கிலோமீட்டர், மாசம் 25 நாளுக்கு 900, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் குடுத்தாலும் 20 லிட்டர், 2000 ரூபாய் பெட்ரோலுக்கே போகுது, பஸ்ஸுல சும்மா வர்றவ 250 ரூபாய் வேனுக்குக் குடுத்தா என்ன கொறைஞ்சு போகுதுன்னு நான் கணக்குப் போட்டு வாட்ஸப் குரூப்புல அனுப்பினேன். இப்ப யாரும் கேக்கறதில்லை. அதே குரூப்புல வாட்சர்களும் இருக்காங்க, "பெரியவரு சூளைக் குழிகிட்ட"ன்னு ஒரு வரி வந்துச்சுன்னா, பெரியவருன்னா யானைதான், பஸ் கணுவாய்ப் பக்கம் வர்றப்பவே வேன் தம்பி போன் போட்டுச் சொல்லிருவாரு.

முடியாததும் இருக்குது. மில்லுல ரெண்டாம் ஷிப்டு முடிச்சு பதினோரு மணிக்கு மேல கம்பெனி வேன்ல வர்ற புள்ளைங்களை ரோட்டுலயே எறக்கி விட்டுட்டுப் போயிடறாங்க, அந்த நிர்வாகத்துகிட்ட ரெண்டு தடவை எழுதிக் குடுத்தாச்சு, பதில் இல்லை. அந்தப் புள்ளைங்களுக்கு அவங்கவங்க அப்பா அண்ணன் போயி நிக்கறாங்க. பகல்ல ஊருல பெரியவங்க மட்டும்தான், ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா தூக்கிட்டுப் போக ஆம்பளை ஆளு ஒருத்தர் கெடைக்கறது கஷ்டம், வேன் தம்பியும் பகல்ல வேற சவாரிக்குப் போயிடறாரு. மூலைத் தோட்டக்காரர்கிட்ட அந்த வாழையை மட்டும் மாத்துங்கண்ணான்னு கேட்டேன். "பம்ப் கம்பெனியில வேலையை மாத்துன்னா மாத்துவீங்களா அம்மிணி"ன்னாரு. அதுக்கு மேல நான் பேசலை. அவரு தோட்டம் எங்களுக்கு முன்னாடியே அங்க இருந்துச்சு.

பள்ளத்துக்கு மேல் பக்கம், பழைய சூளை எடம் ஒண்ணை மூடி மட்டம் பண்ணி இப்பப் புதுசா மனை பிரிக்கறாங்க. அதே போர்டு, அதே 5 நிமிஷம். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில சின்ன வயசுப் புருசன் பொண்டாட்டி வந்து, ஊரு எப்படிங்கக்கா இருக்குதுன்னு என்கிட்டக் கேட்டாங்க. நல்ல ஊருதானுங்க, காத்து நல்லா இருக்கும், சனம் நல்ல சனம், ஆனா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார நாள்ல சாயங்காலம் காந்திபுரத்துல பஸ் ஏறி 7:10க்கு இங்க வந்து எறங்குங்கன்னு சொல்லி அனுப்பினேன். வரமாட்டாங்கன்னுதான் நெனைச்சேன். அடுத்த செவ்வாய்க்கிழமை என்னோட பஸ்ஸுல ரெண்டு பேரும் இருந்தாங்க. எறங்கி எங்களோடயே திண்ணையில நின்னாங்க, வேன் அன்னிக்கு அஞ்சு நிமிஷம் லேட்டு. பாலத்து முனை லைட்டு ரெண்டும் எரிஞ்சுட்டு இருந்துச்சு, நடுவுல இருட்டு. யாரும் பேசலை, எல்லாரும் காதைத் தீட்டி வெச்சுட்டு நிக்கறதை அந்தப் புள்ளை பாத்துட்டே இருந்துச்சு. அப்பறம் மெதுவா, "உங்க வீடு எதுங்கக்கா"ன்னு கேட்டுச்சு. இருட்டுக்கு அந்தாண்ட, மூணாவது லைட்டுன்னு கையைக் காட்டினேன்.